நிச்சயம் எத்தனை சதவீதம்?

பல ஆண்டுகளுக்கு முன் வரலாற்று நூல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். போரில் தோற்ற தளபதி ஒருவரைப் பற்றிய அத்தியாயம். எதிரிப் படை ஆற்றைக் கடக்கப்போவது அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பதுதான் அதில் கேள்வி. நூலாசிரியர் கையில் ஆவணம் எதுவும் இல்லை. பத்துப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் ‘ஷ்யூர்லி ஹீ நியூ’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அகராதி காட்டிய வழியில் ‘அவருக்கு நிச்சயமாகத் தெரியும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மெய்ப்புப் பார்த்த அம்மையார் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னங்க இது? பத்துப் பக்கமா தெரிஞ்சிருக்குமோ, தெரிஞ்சிருக்காதோன்னு தவிச்சுக்கிட்டு வந்த மனுஷன், இங்க திடீர்னு கூண்டுல ஏறிச் சாட்சி சொல்றாரே?” ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. மூலத்தைப் பார்க்காமலே, தமிழ் வாக்கியத்தின் நாடியைப் பிடித்து எங்கே கோளாறு என்று சொல்லிவிட்டார். பிறகு இருவருமாகப் பேசித் திருத்தியது இது: ‘அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?’ முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் கேள்விக்குறி. அதுதான் சரி.

அன்று முதல் இந்த வகை ஆங்கிலச் சொற்களைக் கண்டால் கொஞ்சம் நின்றுதான் போகிறேன். சர்டன்லி, ஷ்யூர்லி, டெஃபினிட்லி, அப்சல்யூட்லி: எந்த ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினாலும் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான். நிச்சயமாக, உறுதியாக, கண்டிப்பாக. அதேபோல எக்ஸாக்ட்லி, ப்ரிசைஸ்லி, அக்யுரேட்லி மூன்றுக்கும் ‘துல்லியமாக’. அகராதிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேசை, மழை, கோபம் போன்ற சொற்களுக்குப் பொருள் எழுதுவதுபோல இவற்றுக்கு எழுத முடியாது. பேசுகிறவர் தன் பேச்சுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார், கேட்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைத்தான் இவை சொல்கின்றன. அதற்குத் தமிழில் பதில் பல நேரங்களில் தனிச்சொல்லாகவே இருக்காது. வினைமுற்றின் வாலில் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஷ்யூர்லியையே எடுத்துக்கொள்வோம். வாக்கியத்தின் தொடக்கத்தில் அதைப் போடும் ஆங்கிலேயருக்கு உறுதி இல்லை. உறுதி இருந்தால் அந்தச் சொல்லே தேவைப்படாது. ‘எனக்கு ஆதாரம் இல்லை, ஆனால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்’ என்று கேட்பவரின் தோளில் கைபோடும் சொல் அது. அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னட், சிந்தனைக் கருவிகள் பற்றி 2013இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு பயிற்சியாகவே பரிந்துரைத்தார். தத்துவக் கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது ஷ்யூர்லி வரும் இடமெல்லாம் மனதில் ஒரு மணி அடிக்கட்டும். வாதத்தின் பலவீனமான இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்றார். எழுதியவர் அதை நிரூபித்திருந்தால் வாசகரின் தயவை நாட வேண்டியதில்லையே.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் புகழ்பெற்ற நினைவுக் கதைகள் 1985இல் வெளிவந்தன. அந்தப் புத்தகத் தலைப்பின் முதல் சொல்லே ஷ்யூர்லிதான். பிரின்ஸ்டனுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஃபைன்மன், தேநீர் விருந்தில் பாலா, எலுமிச்சையா என்று கேட்டதற்கு இரண்டும் என்று சொல்லிவிட்டார். கல்லூரித் தலைவரின் மனைவி திகைத்துச் சொன்ன பதில்தான் தலைப்பானது. அங்கே ‘நிச்சயமாக நீங்கள் வேடிக்கை செய்கிறீர்கள்’ என்று மொழிபெயர்த்தால் அந்த அம்மையார் தீர்ப்பு வழங்குவதுபோல் ஆகிவிடும். ‘விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?’ என்பதுதான் அவர் குரல். தானே! ஆங்கிலத்தின் ஷ்யூர்லி தமிழில் பதுங்கியிருக்கும் இடம் அதுதான். ‘நேத்தே சொன்னேனே’, ‘உங்களுக்குத்தான் தெரியுமே’ என்கிறபோது நாமும் அதையே செய்கிறோம்.

தொல்காப்பியம் ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள் சொல்கிறது. முதலாவது தேற்றம், அதாவது உறுதி. அடுத்ததே வினா. ஒரே எழுத்து உறுதியையும் கேள்வியையும் சுமக்கும் என்று நம் இலக்கணக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறையில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ‘ஷ்யூர்லி என்றால் நம் ஏகாரம் மாதிரி’ என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால், ‘ஐ வில் ஷ்யூர்லி கம்’ என்று கடிதம் எழுதும் பழக்கம் இவ்வளவு பரவியிருக்காது. அந்த வாக்கியம் தவறு என்று சொல்லவரவில்லை. இந்திய ஆங்கிலத்தில் அது நிலைபெற்றுவிட்டது. ஆனால் அதே சொல்லை வாக்கியத்தின் தலைக்குத் தூக்கி, ‘ஷ்யூர்லி யூ வில் கம்’ என்று மேலதிகாரிக்கு எழுதினால், வாக்குறுதி போய், ‘வராமல் இருந்துவிடுவீர்களோ?’ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடும்.

சர்டன்லி வேறு குணம். அதன் வேர் லத்தீனில் சலித்தெடுப்பது. தவிடு போய்த் தானியம் நின்றதுபோல, ஐயம் நீங்கி நிற்பதுதான் சர்டன். உணவு விடுதியில் தண்ணீர் கேட்டால் பணியாளர் ‘சர்டன்லி, சார்’ என்பார். அது மரியாதை கலந்த சம்மதம். கட்டுரைகளில் அதற்கு இன்னொரு வேலை உண்டு. ‘சர்டன்லி தவறுகள் நடந்தன’ என்று ஓர் அரசியல்வாதி தொடங்கினால், ஒரு ‘பட்’ புறப்பட்டுவிட்டது என்று பொருள். ஒன்றை ஒப்புக்கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் தந்திரம் அது. ‘நிச்சயமாகத் தவறுகள் நடந்தன’ என்று தமிழில் போட்டால் அவர் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் தொனிக்கும். ‘தவறு நடந்தது உண்மைதான், ஆனால்...’ என்பதே அவர் சொன்னது.

டெஃபினிட்லியின் வேர் எல்லைக்கோடு. வேலி போட்டாகிவிட்டது, இனிப் பேச்சில்லை என்பதுதான் அதன் முகம். அதற்குத் தமிழ் நாளிதழ்கள் நல்ல சொல் ஒன்றைக் கண்டுபிடித்துவைத்திருக்கின்றன: திட்டவட்டம். நம் தலைப்புகளில் அமைச்சர்கள் எப்போதும் திட்டவட்டமாகத்தான் இருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து முடிவு மாறும் வரை. பேச்சில் என்றால் ‘வர்றது வர்றதுதான்’ என்ற அடுக்கு அந்த வேலியைப் போட்டுவிடும்.

அப்சல்யூட்லி என்பது கட்டவிழ்த்தது. நிபந்தனை எதுவும் ஒட்டாதது. இப்போது அது பெரும்பாலும் ‘ஆமாம்’ என்பதன் பெரியண்ணனாகத் திரிகிறது. தமிழில் ‘பின்னே!’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் மறுப்புடன் சேரும்போது இடம் பார்க்க வேண்டும். ‘அப்சல்யூட்லி நாட்’ என்றால் கிடையவே கிடையாது. ‘நாட் அப்சல்யூட்லி’ என்றால் முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. இரண்டு சொல் இடம் மாறியதில் கதவு திறந்துவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விசித்திரம் உண்டு. உறுதிச் சொல்லைச் சேர்த்தால் உறுதி குறையும். ‘அண்ணன் வீட்டில் இருக்கிறார்’ என்றால் பார்த்துவிட்டு வந்து சொல்வது. ‘அண்ணன் நிச்சயமாக வீட்டில்தான் இருப்பார்’ என்றால் பார்க்கவில்லை. செருப்பையோ சைக்கிளையோ வைத்து ஊகிப்பது. பின்லாந்தில் பிறந்த மொழியியலாளர் லாரி கார்ட்டுனன் 1972இலேயே ஆங்கில ‘மஸ்ட்’ பற்றி இதைக் கவனித்து எழுதினார். தர்க்கவியல் கணக்குப்படி மஸ்ட் வலுவானதாக இருக்க வேண்டும். வழக்கிலோ வெறும் வாக்கியத்தைவிட நோஞ்சானாக இருக்கிறது. தமிழருக்கு இதில் வியப்பில்லை. நம் வீடுகளில் ‘நிச்சயம் ஆயிடுச்சு’ என்றால் கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆப்வியஸ்லிக்கு அதிக இடம் தர விருப்பமில்லை. வழியில் கிடப்பது என்பது அதன் வேர். கால் தட்டினாலே தெரிய வேண்டியது. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸின் வானியக்கவியல் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த அமெரிக்கர் நத்தானியல் பவ்டிச், ‘இது எளிதில் தெரிகிறது’ என்று லாப்லாஸ் எழுதிய இடங்களில் எல்லாம் தனக்குப் பல மணி நேர வேலை காத்திருப்பதை உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவர் மீது எனக்கு ஒரு தனிப் பாசம்.

துல்லியத்துக்கு வருவோம். இங்கே குழப்பம் வெறும் நடைக் குறையாக நின்றுவிடுவதில்லை, பொருளையே தலைகீழாக்கும்.

ஷ்யூர், அக்யுரேட் இரண்டும் லத்தீனின் ஒரே வேரில் கிளைத்தவை. ‘க்யூரா’ என்றால் கவலை, அக்கறை. கவலை நீங்கியவர் ஷ்யூர் ஆனார். அக்கறை எடுத்துச் செய்தது அக்யுரேட் ஆனது. கவலையற்றவருக்கும் கவலைப்பட்டவருக்கும் ஒரே தாய்வீடு! ப்ரிசைஸ் என்பதோ நறுக்கி எடுத்தது. நம் ‘கண்டிப்பு’ம் வெட்டுதல் என்ற பொருளில் இருந்து வளர்ந்த சொல்தான். துல்லியம் தராசிலிருந்து வந்தது. துலையின் இரு தட்டும் சமமாக நிற்பது.

அறிவியலில் அக்யுரேட்லி என்றால் உண்மைக்கு அருகில். ப்ரிசைஸ்லி என்றால் நுணுக்கமாக. திரும்பத் திரும்ப அளந்தாலும் விடை சிதறாமல். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஹபிள் தொலைநோக்கியின் கதையைச் சொல்வேன். 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது அது. 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடி, அதுவரை மனிதர்கள் செய்தவற்றிலேயே மிக வழவழப்பாக மெருகேற்றப்பட்டவற்றில் ஒன்று. ஆனால் மெருகேற்றும்போது வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தப்பான கருவி காட்டிய தப்பான வடிவத்துக்கு, அணுவளவும் பிசகாமல் ஆடியைத் தீட்டிவிட்டார்கள். விளிம்பு சுமார் 2 மைக்ரான் அளவுக்கு அதிகமாகத் தட்டையாகிப்போனது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்க் கண்ணாடி மாட்டிவிடுவதுபோலத் திருத்தும் கருவிகளைப் பொருத்திய பிறகுதான் பார்வை தெளிந்தது. அந்த ஆடி மிக ப்ரிசைஸாகத் தீட்டப்பட்டது, அக்யுரேட்டாகத் தீட்டப்படவில்லை. இதைத் தமிழில் எழுதும் செய்தியாளர் இரண்டுக்கும் ‘துல்லியமாக’ போட்டால், ‘மிகத் துல்லியமாகச் செய்யப்பட்ட ஆடி துல்லியமாக இல்லை’ என்ற வாக்கியம் கிடைக்கும். நான் ‘நுணுக்கமாகத் தீட்டினார்கள், பிழையாகத் தீட்டினார்கள்’ என்று எழுதுவேன். ப்ரிசைஸ்லிக்கு நுணுக்கமும் அக்யுரேட்லிக்குப் பிழையின்மையும் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

எக்ஸாக்ட்லி இவ்விரண்டிலும் சேராது. ஓர் அங்குலம் எக்ஸாக்ட்லி 2.54 சென்டிமீட்டர். யாரும் அளந்து கண்டுபிடித்ததில்லை. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி, இனி அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டன. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்வதும் 1983க்குப் பிறகு அப்படித்தான். மீட்டரின் இலக்கணமே அதை வைத்து எழுதப்பட்டுவிட்டது. எண்ணிக்கையிலும் இலக்கணத்திலும்தான் எக்ஸாக்ட்லிக்கு முழு உரிமை. கூடையில் எட்டு முட்டை என்றால் எக்ஸாக்ட்லி எட்டு. கூடையின் எடை எக்ஸாக்ட்லி இத்தனை கிலோ என்று எந்தத் தராசும் சத்தியம் செய்யாது. எண்ணி வைத்ததற்கு நம் பேச்சு வழக்கில் ‘அச்சொட்டாக’ என்றும், நேரத்துக்கு மணியோசையைக் கடன் வாங்கி ‘டாண்ணு ஆறு மணிக்கு’ என்றும் சொல்கிறோமே, அவை ‘துல்லியமாக’வைவிட எனக்குப் பிடித்தவை.

அளவைக்கும் முழு எண்ணுக்கும் உள்ள இந்தச் சண்டையில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி அங்கிருந்துதான் புறப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து இமயத்தை எட்டியபோது, வங்காளத்தின் ராதாநாத் சிக்தார் கணக்கிட்ட ஒரு சிகரம் உலகிலேயே உயரமானது என்று தெரியவந்தது. 1856இல் தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வா அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பாகச் சொன்னதாக உலகம் நினைக்கும் என்று இரண்டு அடியைக் கூட்டினார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, உளவியல் மெய். பிழையில்லாத எண் நுணுக்கமில்லாததுபோல் தோன்றியது. நம்பவைக்க நுணுக்கம் பூசினார்கள், பிழையையும் சேர்த்து.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. ‘நாட் எக்ஸாக்ட்லி’ என்று ஆங்கிலேயர் சொன்னால் ‘துல்லியமாக அப்படியில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நாசூக்கான ‘இல்லவே இல்லை’. ‘அவர் நாட் எக்ஸாக்ட்லி கர்ணன்’ என்றால் மனிதர் மகா கஞ்சன்.

இனி, எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவே இருக்கும் பள்ளம். ப்ராபப்லி, லைக்லி, பாசிப்லி வகையறா வாழும் இடம் அது.

1951 மார்ச்சில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஒரு மதிப்பீட்டறிக்கை தயாரித்தது. அந்த ஆண்டில் சோவியத் முகாம் யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்பது கேள்வி. தாக்குதலை ஒரு ‘சீரியஸ் பாசிபிலிட்டி’யாகக் கருத வேண்டும் என்று அறிக்கை முடிந்தது. சில நாள் கழித்து வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி ஒருவர், அதற்கு என்ன அர்த்தம் என்று ஷெர்மன் கென்ட்டிடம் சாதாரணமாகக் கேட்டார். யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்து உளவு ஆய்வுக்கு வந்தவர் கென்ட். தாக்குதல் நடக்க நூற்றுக்கு 65 என்பது தன் கணக்கு என்றார். கேட்டவர் அதிர்ந்துபோனார், அவரும் சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். கென்ட்டுக்கு உறுத்தியது. அந்த அறிக்கையைச் சேர்ந்தெழுதிய தன் குழுவினரிடம் தனித்தனியாகக் கேட்டார். ஒருவர் 80 என்றார், இன்னொருவர் 20 என்றார், மற்றவர்கள் நடுவே சிதறிக் கிடந்தார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஆளுக்கொரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு.

கென்ட் 1964இல் இதைக் கட்டுரையாக எழுதினார். சொற்களுக்கு எண் குறித்துக்கொடுத்தார். ஏறக்குறைய நிச்சயம் என்றால் 93, ஆறு புள்ளி முன்பின்னாக. ப்ராபபில் என்றால் 75, பன்னிரண்டு புள்ளி முன்பின்னாக. சரிக்குச் சரி என்றால் 50. இந்தப் பட்டியலை ஏற்காத சகாக்களும் இருந்தார்கள். எண்ணை விரும்பியவர்களைக் கணிதக்காரர்கள் என்றும், சொல்லின் நெகிழ்வை விரும்பியவர்களைக் கவிஞர்கள் என்றும் கென்ட் பிரித்தார். கவிஞர்கள் சுலபத்தில் தோற்கவில்லை. நெகிழ்ந்த சொல்லுக்குக் கொடுத்த விலைக்கு ஓர் உதாரணம், அந்தக் கட்டுரைக்கு முன்பே நடந்தது. 1961இல் கியூபாவின் பன்றி வளைகுடாப் படையெடுப்புத் திட்டத்துக்கு ‘ஃபேர் சான்ஸ்’ இருப்பதாகப் படைத் தலைமை அதிபர் கென்னடிக்கு எழுதியது. எழுதியவர் மனதில் இருந்தது, தோற்கவே வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. படித்தவர்கள் நம்பிக்கையூட்டும் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். படையெடுப்பு மூன்று நாளில் சிதறியது.

என் கட்சி கணிதக்காரர்களுடையது. கவிதையைப் படிப்பவன்தான், ஆனால் உயிர் போகும் விஷயத்தில் அதை நாட மாட்டேன்.

காலநிலை மாற்றத்துக்கான ஐநாவின் ஐபிசிசி குழு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. அதன் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ 90க்கு மேல், ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95க்கு மேல், ‘வர்ச்சுவலி சர்டன்’ 99க்கு மேல். இருபது ஆண்டுக் காலநிலை அறிவியலை இந்த வினையடைகளைக் கொண்டே சொல்லிவிடலாம். புவி சூடாவதற்கு மனிதர் காரணமா என்ற கேள்விக்கு 2001இல் லைக்லி, 2007இல் வெரி லைக்லி, 2013இல் எக்ஸ்ட்ரீம்லி லைக்லி, 2021இல் ஐயத்துக்கு இடமே இல்லை. நான்கு படி ஏறியிருக்கிறார்கள். நம் செய்திகளில் நான்கு முறையும் ‘விஞ்ஞானிகள் எச்சரிக்கை’தான்.

இதில் ஒரு முள்ளும் உண்டு. டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த அறிக்கை வாக்கியங்களைப் பல நாட்டு மக்களிடம் கொடுத்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 24 நாடுகள், 17 மொழிகள். வெரி லைக்லி என்பதை மக்கள் 90க்கும் மேல் என்று எடுத்துக்கொள்ளவில்லை; நடுப்பக்கம் இழுத்து, மிகக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். எந்த மொழியிலும் இதே சறுக்கல். வாக்கியத்திலேயே சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணையும் அச்சிட்டுக் கொடுத்தபோது சறுக்கல் குறைந்தது.

இப்போது நம் வானத்துக்கு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கைகளிலும் இதே சொற்கள் உண்டு, வேறு எண்களுடன். அங்கே லைக்லி என்றால் 25 முதல் 50 சதவீதம். வெரி லைக்லி 50 முதல் 75. மோஸ்ட் லைக்லி 75க்கு மேல். ஐபிசிசியின் லைக்லியும் நம் வானிலைத் துறையின் லைக்லியும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. முன்னது நடக்கவே சாத்தியம் அதிகம் என்கிறது. பின்னது நடக்காமல் போகவே சாத்தியம் அதிகம் என்கிறது. இரண்டு செய்தியையும் ஒரே நாளில் மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் இரண்டுக்கும் ‘வாய்ப்புள்ளது’ என்று போடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், மழையின் அளவைச் சொல்லும் அடைகளில் தமிழ் இந்தத் தவறைச் செய்யவில்லை. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, மிகக் கனமழை 115.6இல், அதி கனமழை 204.4ஐத் தாண்டினால். ‘மிக’வும் ‘அதி’யும் அகராதியில் ஒன்றுதான், வானிலை அறிக்கையில் இல்லை. பரப்பளவுக்கும் அப்படியே: ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்று படிகள் உண்டு. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக்கூட அதி கனமழை என்றால் பள்ளி விடுமுறை என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு, எத்தனை இடத்தில் என்ற இரண்டுக்கும் படிக்கட்டு கட்டிய தமிழ், பெய்யுமா பெய்யாதா என்ற முதல் கேள்விக்கு மட்டும் ‘வாய்ப்பு’ என்ற ஒரே கல்லைப் போட்டுவிட்டு நிற்கிறது. 30 சதவீதமும் வாய்ப்புதான், 80 சதவீதமும் வாய்ப்புதான். பிறகு மழை வராத நாளில், சென்னை வானிலை மைய இயக்குநராக இருந்த ரமணனைப் பற்றிய ‘ரமணன் லீவு விட்டாரே’ காலத்திலிருந்து தொடரும் கேலிகள். கணித்தவர் 35 என்று சொல்லி, 65 பலித்திருக்கலாம். அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

சொல்லுக்குப் பஞ்சம் இல்லை என்பதால்தான் இது எரிச்சலூட்டுகிறது. பெய்யலாம், பெய்யக்கூடும், பெரும்பாலும் பெய்யும் என்று மூன்று படிகள் தமிழ் வினைச்சொல்லிலேயே தயாராக இருக்கின்றன. லைக்லிக்கு முதலாவது, வெரி லைக்லிக்கு இரண்டாவது, மோஸ்ட் லைக்லிக்கு மூன்றாவது என்று வானிலை மையமும் நாளிதழ்களும் ஒருமுறை உட்கார்ந்து ஒத்துக்கொள்ளலாம். அங்குலத்தை 2.54 என்று ஒத்துக்கொண்டதைவிட இது கடினமல்ல.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ‘நாளை மழை பெய்யக்கூடும்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எத்தனை சதவீதம் என்று இருவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். என் மனைவி தமிழாசிரியை. யோசிக்காமல் 70 என்றார். கல்லூரியில் படிக்கும் மகன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, “கூடும்னா வராதுன்னு அர்த்தம்ப்பா, இருபது வெச்சுக்கோங்க” என்றான். அந்தச் சீட்டில், ‘பெய்யக்கூடும்’ என்பதன் பக்கத்தில் 50–75 என்று எழுதி மறுபடியும் இருவரிடமும் நீட்டினேன். இருவருமே குடையைத் தேடினார்கள். வீட்டில் இருப்பது ஒன்றுதான்.

– கட்டுரையாளர், அறிவியல், வரலாற்று நூல்களின் மொழிபெயர்ப்பாளர்.